செம்மண்ணில் மஞ்சளிக்கும் சாத்துக்குடி

கேள்வி: பழைய காரை வீட்டை இடித்த இடத்தில் ஒட்டுச் சாத்துக்குடி வைத்திருக்கிறேன். தளிர்கள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வருகின்றன. இரும்புச்சத்துக் குறைவு என்கிறார்கள். குமரி மாவட்டச் செம்மண்ணில் இரும்புக்கு என்ன பஞ்சம்? இக்குறையைத் தாங்கும் வேர்ச்செடிகளை (ஒட்டுக்கு அடியில் வேராக அமையும் செடிகளை) எப்படி உருவாக்குகிறார்கள்?
– வாசகர், கொட்டாரம்

பதில்: பஞ்சமே இல்லை. காரையிலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிட்டதால், இருக்கும் இரும்பு கரையாமல் முடங்கிக் கிடக்கிறது. முதிர்ந்த இலைகள்தாம் முதலில் மஞ்சளிக்கின்றன என்றால் தழைச்சத்து, மக்னீசியக் குறைகளைப் பாருங்கள்.

சாத்துக்குடி போன்ற மரங்களின் வேர், அமிலத்தைக் கசியவிட்டும் வேர்நுனியிலுள்ள ஒரு நொதியின் உதவியாலும் இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி உறிஞ்சிக்கொள்கிறது. இத்திறன் இனத்துக்கு இனம் வேறுபடும். வேர்ச்செடியாகப் பயன்படும் மூவிலை ஆரஞ்சு, டிரிஸ்டீசா என்னும் வைரஸ் நோயைத் தாங்கும். ஆனால் சுண்ணாம்பு நிலத்தில் எளிதில் மஞ்சளித்துவிடும். கிளியோபாட்ரா மாண்டரின் சுண்ணாம்பை ஓரளவு சமாளிக்கும். ஸ்பெயினின் வலென்சியாவில் இவ்விரண்டையும் கலந்து பெற்ற வேர்ச்செடிதான் 'ஃபோர்னர்-அல்கைடே 5'.

இந்தக் கலப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. எலுமிச்சைக் குடும்பத்தின் பல இனங்களில் ஒரே விதையிலிருந்து பல நாற்றுகள் முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தத்தின் பங்கே இல்லாமல் தாயை அப்படியே உரித்து வைத்தவையாக இருக்கும். ஒரே சீரான வேர்ச்செடிகள் வேண்டும் நர்சரிக்காரருக்கு இது வரம். கலப்பினம் தேடுபவருக்கோ தலைவலி. மூவிலை ஆரஞ்சின் மகரந்தத்தைப் பயன்படுத்தினால் மட்டும் வேலை எளிதாகிறது. அதன் மூவிலைப் பண்பு ஓங்கு பண்பு, அதாவது கலப்பிலும் மறையாமல் வெளிப்படுவது; ஆதலால் வில்வம்போல் மூன்று சிற்றிலைகளோடு முளைப்பதே கலப்பினம் என்று நாற்றங்காலிலேயே பிரித்துவிடலாம். பிறகு சுண்ணாம்பு மண்ணின் நிலையை உண்டாக்கப் பைகார்பனேட் கலந்த சத்துக்கரைசலில் வளர்த்து, தளிர் வெளுக்காதவற்றைத் தேர்ந்து, மேலே ஒட்டுக் கட்டி, விளைச்சலையும் பழத்தரத்தையும் நோய்த்தாக்கத்தையும் பல ஆண்டுகள் வயலில் கவனிக்க வேண்டும். பச்சையாக நின்று காய்க்காத மரத்தால் யாருக்கு என்ன பயன்?

நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நம் நாட்டில் நெடுங்காலமாகப் புழங்கும் ரங்பூர் லைம், ஜம்பேரி (கரட்டு எலுமிச்சை) ஆகிய வேர்ச்செடிகளே சுண்ணாம்பை ஓரளவு நன்றாகத் தாங்குபவை; உங்கள் கன்று எதன்மேல் கட்டப்பட்டது என்று நர்சரியில் கேளுங்கள். தற்காலிகமாக, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தளிர்களில் மாலையில் தெளிக்கலாம். அதை இந்த மண்ணில் இட்டால் அதுவும் விரைவில் முடங்கிவிடும். மரம் இளையதாக இருந்தால், தூரை ஒட்டி இரண்டு ரங்பூர் லைம் நாற்றுகளை நட்டு, அவற்றின் நுனியைத் தண்டின் பட்டைக்குள் செருகி ஒட்டுக் கட்டி, மரத்துக்குப் புதிய வேர்களையே கொடுத்துவிடலாம்.