ஸ்பிரிங்ஃபீல்டில் காணாமல்போன பூனை – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். ஓஹையோவில் கொலம்பஸ் பக்கத்தில் இருக்கிறேன். ஐ.டி. வேலை. எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுவில் போன வாரம் மறுபடியும் எங்கள் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரைப் பற்றிய அந்த வீடியோ வந்தது. அங்கே குடியேறிய ஹைட்டி நாட்டுக்காரர்கள் அக்கம்பக்கத்து நாய், பூனையைப் பிடித்துத் தின்கிறார்கள் என்பதுதான். பொய் என்று லிங்க் போட்டேன். பெரியப்பா பையன், இங்கே வந்து பல வருஷம் ஆனவர், ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்றார். இன்னொருவர், ‘திருட்டுத்தனமாக வந்தவர்களுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய், நாமெல்லாம் வரிசையில் நின்று வந்தவர்கள்’ என்றார். மறுக்க மறுக்கத்தான் பொய் பரவும் என்று எங்கோ படித்த ஞாபகம். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லதா? எதைச் சொன்னால் எடுபடும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அண்ணாவின் கேள்வி நியாயமானதுதான். இந்த விஷயத்தில் அதற்குப் பதிலும் இருக்கிறது. அந்தப் புகை எங்கிருந்து கிளம்பியது என்று நிருபர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டார்கள்.

2024 கோடையின் கடைசியில் ஸ்பிரிங்ஃபீல்ட் முகநூல் குழு ஒன்றில் ஒரு பெண்மணி எழுதினார்: பக்கத்து வீட்டம்மாவின் மகளுக்குத் தோழி ஒருத்தி, அவள் வீட்டுப் பூனையைக் காணோம், ஹைட்டிக்காரர் வீட்டு மரக்கிளையில் அது தொங்கியதாம். நிருபர்கள் அந்தப் பக்கத்து வீட்டம்மாவைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, மகளின் தோழி என்பதே தப்பு, தனக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்த யாரோ சொன்னது என்றார். ஆதாரம் அவரிடமும் இல்லை. கூடவே சுற்றிய படத்தில் வாத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் ஸ்பிரிங்ஃபீல்டில் இல்லை, உங்கள் கொலம்பஸில் இருந்தார். உங்கள் குழுவில் வந்த வீடியோ போலீஸ்காரரின் சட்டைக் கேமராவில் எடுத்தது என்றால், அது கான்டன் என்கிற வேறொரு ஊரில் நடந்தது. கைதான பெண் அமெரிக்காவிலேயே பிறந்தவர்.

போலீசில் புகார் கொடுத்த ஒரு பெண்மணியும் உண்டு. பூனையைக் காணவில்லை, ஹைட்டியப் பக்கத்து வீட்டார் மேல் சந்தேகம் என்றார். சில நாளில் பூனை அவர் வீட்டு நிலவறையிலேயே கிடைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு, செல்போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். இந்த மொத்தக் கதையிலும் மன்னிப்புக் கேட்கத் தோன்றியவர் இவர்.

அப்போது டிரம்பின் துணை ஜனாதிபதி வேட்பாளராக இருந்த ஜே.டி. வான்ஸின் அலுவலகத்திலிருந்து விசாரித்தவரிடம் நகர நிர்வாகி செப்டம்பர் 9-ஆம் தேதியே ஆதாரம் ஏதுமில்லை என்று சொல்லிவிட்டார். ஆனாலும் இந்தப் புரளியைச் சொல்லி வான்ஸ் இணையத்தில் போட்டிருந்த பதிவு இறங்கவில்லை. மறுநாள் இரவு பிலடெல்பியாவில் நடந்த ஜனாதிபதித் தேர்தல் விவாத மேடையில் டிரம்ப் அதையே சொன்னார். சுமார் 6.7 கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த சில நாளில் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள். எல்லாமே புரளி. ஆனால் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியிருந்தது, மாநிலப் போலீஸ் வந்து காவல் நின்றது. அந்த வாரம் இணையம் முழுக்கப் பூனைப் பாட்டும் பூனை மீமும் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. டிரம்பைக் கேலி செய்வதாக நினைத்துச் செய்தவர்கள்தான் அதிகம். எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. பூனை, பூனை என்று நீங்கள் எந்தத் தொனியில் சொன்னாலும் பேச்சு பூனையைச் சுற்றியே நிற்கும்.

மறுத்தால் பொய் இன்னும் பலப்படும் என்று நீங்கள் படித்தது 2010-இல் வந்த ஓர் ஆய்வு கிளப்பிய கருத்து. பிற்பாடு பல்லாயிரம் பேரை வைத்துச் சோதித்தபோது அப்படிப் பெரும்பாலும் நடக்கவில்லை. திருத்திச் சொன்னால் கேட்கிறார்கள். 2016-இல் குற்றங்கள் பற்றி டிரம்ப் பேசியதை வைத்தே ஓர் ஆய்வு நடந்தது. சரியான எண்ணைக் காட்டியதும் அவருடைய ஆதரவாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்மேல் வைத்த அபிமானம் இம்மியும் குறையவில்லை. அதனால் நீங்கள் லிங்க் போட்டது வீண் இல்லை. அது செய்கிற வேலை அவ்வளவுதான்.

‘இவர்கள் கண்டதைத் தின்கிறவர்கள்’ என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக ஆளை மாற்றி ஆளுக்கு ஒட்டப்படுகிற லேபிள். 1880-களில் ‘ரஃப் ஆன் ராட்ஸ்’ என்று ஓர் எலிப் பாஷாணம் விற்றார்கள். அதன் விளம்பர அட்டையில் ஜடை போட்ட சீனர் ஒருவர் எலியை வாய்க்குக் கொண்டுபோகிறார். அருகில் ‘இவர்கள் போயே ஆக வேண்டும்’ என்ற வாசகம். சீனர் குடியேறத் தடைச் சட்டம் வந்தது 1882-இல். ஹைட்டிக்காரர்களுக்கு இன்னொரு லேபிளும் கிடைத்தது. எய்ட்ஸ் பரவிய தொடக்கத்தில் நோய்த் தடுப்பு மையம் அவர்களை ஒட்டுமொத்தமாக ஆபத்துப் பிரிவில் வைத்தது. 1990-இல் அவர்களிடம் ரத்தமே வாங்கக் கூடாது என்றார்கள். அந்த ஏப்ரலில் பல்லாயிரம் ஹைட்டியர்கள் புரூக்ளின் பாலத்தைக் கடந்து ஊர்வலம் போனார்கள். வருஷக் கடைசியில் தடை போயிற்று.

‘நாம் வரிசையில் நின்று வந்தவர்கள்’ என்றவருக்கு: ஸ்பிரிங்ஃபீல்டின் ஹைட்டியர்களில் பெரும்பாலோர் அப்போது சட்டப்படியே இருந்தார்கள். ஹைட்டியின் 2010 பூகம்பத்துக்குப் பிறகு அந்நாட்டவர் இங்கே தங்கி வேலை பார்க்க அனுமதித்த தற்காலிகப் பாதுகாப்பு ஏற்பாடு அது. 2025-இல் டிரம்ப் அரசு அதை நிறுத்த முனைந்து, விஷயம் கோர்ட்டுக்குப் போனது. தாள் கையில் இருப்பது எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று எச்1பி வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே விவாதத்துக்கு டிரம்பின் விமானத்தில் வந்திறங்கிய தீவிர வலதுசாரி லாரா லூமர், எதிர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் ஜெயித்தால் வெள்ளை மாளிகையில் கறி மணக்கும், பேச்செல்லாம் கால் சென்டரிலிருந்து வரும் என்று இரண்டு நாள் முன்புதான் எழுதியிருந்தார். கமலாவின் அம்மா ஷியாமளா எந்த ஊர்க்காரர் என்று உங்கள் குழுவுக்குத் தெரியும். (வான்ஸின் மனைவி உஷா இந்திய வம்சாவளி; அவர்கள் வீட்டு அடுப்படியில் என்ன மணக்கிறது என்பதும் ஊரறிந்ததே.)

சரி, எதைச் சொல்வது? ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். 1960-இல் எண்பதாயிரம் பேருக்கு மேல் இருந்த ஊர் 2020-இல் அறுபதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. தொழிற்சாலைகள் திரும்ப வந்தபோது ஆள் போதவில்லை. வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள்தான் ஹைட்டியர்கள். சில வருஷத்துக்குள் பன்னிரண்டு, பதினைந்தாயிரம் பேர். வாடகை ஏறியது, கிளினிக்கில் கூட்டம், பள்ளியில் மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை. இதெல்லாம் நிஜம். இதையும் நீங்கள் இல்லை என்று மறுத்தால் அண்ணா உங்களை நம்ப மாட்டார், நம்பவும் வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் ஹைட்டியர் ஒருவர் ஓட்டிவந்த வண்டி பள்ளிப் பேருந்தில் மோதி பதினொரு வயதுப் பையன் இறந்தான். அதைக் கொலை என்று தேர்தலுக்குப் பயன்படுத்தினார்கள். பையனின் அப்பா, டிரம்ப் மேடையேறிய அதே நாள், நகர மன்றத்தில் எழுந்து நின்று அது விபத்து, என் மகன் பேரைச் சொல்லி வெறுப்பைப் பரப்பாதீர்கள் என்றார்.

யார் வாயால் வருகிறது என்பதும் முக்கியம். உங்கள் அண்ணா குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்கிறவர் என்று ஊகிக்கிறேன். அவருக்கு சி.என்.என். லிங்க் வேண்டாம். கவர்னர் மைக் டிவைன் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர், அதே கட்சிக்காரர். டிரம்பையும் வான்ஸையும் ஆதரிக்கிறேன், ஆனால் இந்தப் பேச்சு வருத்தமளிக்கிறது என்று அந்த மாதமே பத்திரிகையில் எழுதினார். கிளினிக்குகளுக்குப் பணமும் ஒதுக்கினார். அந்தக் கட்டுரையைக் குழுவில் போடாமல் அண்ணாவுக்குத் தனியாக அனுப்புங்கள். நாலு பேர் முன்னால் யாரும் இறங்கிவர மாட்டார்கள். கீழே நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். இரண்டு நாள் கழித்து வேறு ஏதாவது சாக்கில் போன் செய்யுங்கள்.