வீட்டை விற்கப் போகிறோம். பார்க்க வருபவர்களுக்குப் பிடிக்க என்னென்ன செய்ய வேண்டும்?

பல வருடம் குடியிருந்த வீட்டை விற்கப் போகிறீர்கள். முழுக்கப் பெயிண்ட் அடிப்பதா, சமையலறையைப் புதிதாக்குவதா, இல்லை அப்படியே காட்டலாமா, படம் எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதுவரை இரண்டு வீடுகள் விற்றிருக்கிறேன். முதல் வீடு எட்டு மாதம் இழுத்தது. இரண்டாவது மூன்று வாரத்தில் முடிந்தது. இத்தனைக்கும் இரண்டாவது வீடுதான் பழையது, சிறியது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதல் வீட்டின் படுக்கையறையில், வெளிப்புறச் சுவரில் ஓதம் இருந்தது. அலமாரியை நகர்த்தியபோதுதான் தெரிந்தது. சுரண்டி, பட்டி பூசி, அந்த ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஒரு தம்பதி வந்தார்கள். கூடம் பிடித்தது, பின்பக்கம் பிடித்தது, விலையையும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டார்கள். படுக்கையறைக்குள் நுழைந்ததும் அந்த அம்மா நேராகப் போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இதுக்கு மட்டும் ஏன் புதுசா அடிச்சிருக்கீங்க?" என்றார். என்னிடம் நேரான பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டைப் பார்த்த விதமே மாறிவிட்டது. ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்த கூடத்துக்குத் திரும்பிப் போய் மூலை மூலையாகப் பார்த்தார்கள். மறுபடி வரவில்லை.

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் விளக்கினார். காரில் என்ன குறை என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் குறை இருக்கும் என்று எண்ணியே விலை சொல்வார். நல்ல கார் வைத்திருப்பவருக்கும் அந்தக் குறைந்த விலைதான் கிடைக்கும். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. வீடு விற்பதும் அப்படித்தான். தெரியாத ஒவ்வொன்றுக்கும் அவர்கள் மனதுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் உண்மையான பழுதுச் செலவைவிட அதிகம். ஆகவே, செலவு செய்யலாமா வேண்டாமா என்று தயங்கும்போதெல்லாம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது அவர்கள் மனதில் உள்ள ஒரு சந்தேகத்தைத் தீர்க்குமா? தீர்க்கும் என்றால் செய்யுங்கள்.

முதலில் ஓதத்திலிருந்து தொடங்குங்கள், காய்வதற்கு நாள் பிடிக்கும். சந்தேகமான இடத்தில் ஒரு முழம் அகல பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறையின் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இது தெரியாமல் ஆளைக் கூப்பிட்டால் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியிருக்கும்.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், உள்ளே உள்ள உப்பை நீர் கரைத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் ஆவியாகும்போது விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஈரத் துணியால் துடைக்காதீர்கள், உப்பு மறுபடி கரைந்து உள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகு, சுவர் காயும்வரை காத்திருங்கள். பல வாரம் ஆகலாம். தடித்த சுவர் என்றால் மாதக்கணக்கிலும் ஆகலாம். காயாத சுவரில் அடித்த பெயிண்ட் கொப்புளித்து உரியும். கூரையில் உள்ள பழுப்பு நீர்க்கறை மேல் சாதாரண பெயிண்ட் அடித்தாலும் கறை மறுபடி ஊறி வெளியே வரும். கறையைத் தடுக்கும் பிரைமர் என்றே தனியாக இருக்கிறது, அதை ஒரு கோட் அடித்துவிட்டு மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும்.

இரண்டாவது வீட்டிலும் ஒழுகல் இருந்தது. மேல்மாடிக் குளியலறைக் குழாயில் ஒரு இணைப்பு. இந்தமுறை டைலை உடைத்த நாளிலிருந்து ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்தேன், ரசீதையும் பத்திரமாக வைத்தேன். வருபவர்களிடம் நானே முதலில் சொன்னேன்: "இங்கே ஒழுகியது, இன்ன மாதம் சரி செய்தோம், பாருங்கள்." ஒருவர்கூட அதைச் சொல்லி விலையைக் குறைக்கவில்லை. குறையை நாமே சொன்னால் மற்ற விஷயங்களில் நாம் சொல்வதையும் நம்புகிறார்கள்.

அடுத்தது சின்னச் சின்னப் பழுதுகள். சொட்டும் குழாய், உரசும் கதவு, ஆடும் கைப்பிடி, எரியாத பல்பு, பிடிக்காத தாழ்ப்பாள். நாம் பழகிவிட்டோம், கதவை எந்த இடத்தில் தூக்கிச் சாத்த வேண்டும் என்று நம் கைக்குத் தெரியும். வருபவர் கைக்குத் தெரியாது. ஒரு நாள் முழுக்க ஒதுக்கி எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து மூடிப் பாருங்கள், எல்லாச் சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். பொறி பறக்கிற சுவிட்சை மட்டும் நீங்கள் தொடாமல் எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒழுகலுக்கு இரண்டு சோதனைகள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்காமல் இருந்தும் மீட்டர் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் சில சொட்டு உணவு நிறச் சாயம் விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் தொட்டியின் அடி வால்வு பிடிக்கவில்லை. மாற்றுவது எளிது.

குளியலறைக் குழாயிலும் கண்ணாடியிலும் படியும் வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ கரைத்துவிடும். ஆனால் பளிங்குக் கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான், அதன் மேல் பட்டால் பளபளப்பை அரித்துவிடும். இன்னொன்று, தயவுசெய்து கவனமாக இருங்கள்: அமிலம் கலந்த கழுவும் திரவத்தையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. விற்பனை அவசரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றித் தேய்க்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வாசனை. இதில் நம் மூக்கை நம்பவே முடியாது. தொடர்ந்து ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். இரண்டாவது வீட்டை விற்கும்போது அக்காவை வரச்சொன்னேன். வாசலில் நின்றவுடனேயே, "பழைய புத்தகக் கட்டுக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு" என்றாள். பரணில் இருந்த அட்டைப்பெட்டிகள் நமத்துப் போயிருந்தன. எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒருவரைக் கூப்பிடுங்கள், முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். வாசனைத் திரவியம் அடித்து மறைக்க வேண்டாம், எதை மறைக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

வீட்டைக் காலி செய்து பூட்டி வைத்துவிட்டு விற்கிறீர்கள் என்றால் இன்னொரு வாசனையும் வரும். தரை வடிகாலுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் அடியில் குழாய் வளைந்து, அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயு உள்ளே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வாரக்கணக்கில் யாரும் புழங்காவிட்டால் அது ஆவியாகி வீடு நாறத் தொடங்கும். பார்க்க வருபவர் கழிவுநீர்க் குழாயே உடைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார். வாரம் ஒருமுறை போய் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

சாமான்களைக் குறைப்பதுதான் மனதுக்குக் கஷ்டமான வேலை. அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள். அதில் தவறில்லை, அவர்கள் இடத்தை அளக்கிறார்கள். பிதுங்கி வழியும் அலமாரியைப் பார்த்தால் இந்த வீட்டில் வைக்க இடமே இல்லை என்று தோன்றும். நான் அலமாரிகளில் பாதியும் பரணில் முழுவதும் காலி செய்தேன். எப்படியும் வீடு மாறும்போது கட்டப்போகிற மூட்டைதான், முன்கூட்டியே கட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேசை நாற்காலியெல்லாம் எடுத்துவிட்டு அறையை மொட்டையாக விடாதீர்கள். ஒரு கட்டில் கிடந்தால்தான் தன் கட்டில் அங்கே கொள்ளுமா என்று வருபவர் கணக்குப் போட முடியும்.

குடும்பப் படங்களை எல்லாம் கழற்றிவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்றிரண்டு இருந்தால் அங்கே மனிதர்கள் நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். பிள்ளைகளின் பெயரும் பள்ளியும் தெரியும் சான்றிதழ்கள், நகை, மருந்து, சாவி, அசல் பத்திரங்கள் ஆகியவற்றைக் கண்டிப்பாக அப்புறப்படுத்துங்கள். முன்பின் தெரியாதவர்கள் வரப்போகிறார்கள், இணையத்தில் போடும் படத்தில் எல்லாமே தெரியும்.

வெளிச்சத்துக்கு அதிகம் செலவு ஆகாது. ஜன்னல் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடையுங்கள், கனத்த திரைகளை ஒதுக்குங்கள். ஒரே அறையில் ஒரு பல்பு மஞ்சளாகவும் இன்னொன்று நீல வெள்ளையாகவும் இருந்தால் சுவர் அழுக்காகத் தெரியும், படத்தில் இன்னும் மோசம். பல்பு டப்பாவில் 2700, 4000, 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். 2700 மஞ்சள் சாயல், 4000 நடுத்தர வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அறை முழுக்க அதையே போடுங்கள்.

படம் எடுக்கக் கைபேசியே போதும். நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் நேராகப் பிடித்து, அறையின் மூலையிலிருந்து எடுங்கள். கதவு நிலை படத்தில் செங்குத்தாகத் தெரிய வேண்டும். 0.5 என்று காட்டும் அகலக் கோணத்தில் எடுக்காதீர்கள். அறை நீளமாகத் தெரியும், ஆசையோடு வருவார்கள், நேரில் பார்த்ததும் முகம் வாடிவிடும். அந்த ஏமாற்றத்தை வேறு எதைக் காட்டியும் சரிக்கட்ட முடிவதில்லை. வீட்டு வரைபடத்தை அளவுகளோடு சேர்த்துப் போடுங்கள். வீண் நடை நடப்பவர்கள் குறைவார்கள்.

அவர்கள் வரும் நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தால், கூடத்தில் நல்ல வெளிச்சம் விழும் நேரமாகச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் முன்பே ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அறைக்குள் அவர்களை முதலில் போகவிடுங்கள். முதல் வீட்டில் நான் ஒவ்வொரு அறையிலும் பின்னாலேயே போய், இது இந்த மரம், அது அந்தக் கல் என்று பேசிக்கொண்டே இருந்தேன். கணவனும் மனைவியும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேச இடமே தரவில்லை. இரண்டாவது வீட்டில் ஒருமுறை சுற்றிக் காட்டிவிட்டு, "நீங்கள் இன்னொரு தடவை பாருங்கள், நான் வெளியே இருக்கிறேன்" என்று சொல்லி வாசலுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வருபவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால் அங்கே சரி செய்யவோ விளக்கவோ ஏதோ இருக்கிறது.

சமையலறை பற்றிக் கேட்டீர்கள். புதிதாக்க வேண்டாம் என்பது என் கருத்து. வாங்குபவர் தன் வசதிக்கு மாற்றத்தான் போகிறார், உங்கள் ரசனைக்கு அவர் முழு விலை தரமாட்டார். எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள், அலமாரிக் கீல்களை இறுக்குங்கள், தொட்டியின் ஓரத்தில் கறுத்துப்போன சிலிக்கானைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். முழுவீட்டுப் பெயிண்டும் அப்படித்தான். சுவர் நன்றாக இருந்தால் கழுவித் துடைத்தாலே போதும். அடிப்பதாக இருந்தால் ஒரு அறையின் நான்கு சுவரையும் வெளிர் நிறத்தில் அடியுங்கள், ஒட்டுப் போட்டதுபோல ஒரு சுவரை மட்டும் அடிக்காதீர்கள். வாடை போவதற்கு இரண்டு வாரமாவது இடைவெளி விட்டு ஆட்களை வரச்சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். பத்திர நகல், வரி ரசீதுகள், வரைபடம், ஒரு வருட மின் கட்டண ரசீதுகள், செய்த பழுது வேலைகளின் ரசீதும் படங்களும். எங்கள் இரண்டாவது வீட்டை வாங்கியவர் அந்தக் கோப்பை மேசையில் விரித்து, ஒழுகல் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, குழாய் வேலை செய்தவரின் எண் கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து முன்பணத்தோடு வந்தார்.

உங்கள் வீட்டில் எந்தச் சுவரில் ஓதம் இருக்கிறது, பிளாஸ்டிக் தாளில் எந்தப் பக்கம் நீர் கோத்தது என்று கருத்தில் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, எதை முதலில் செய்யலாம் என்று சொல்கிறேன்.