காலவரையின்றித் தங்கும் அனுமதியான ஐ.எல்.ஆர். முத்திரை, காலாவதியான பாஸ்போர்ட்டில் இருக்கிறது. பிரிட்டனில் புது வேலைக்கு அது செல்லுமா?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம்: அப்பா 1984-ல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து வந்தவர். காலவரையின்றித் தங்கலாம் என்ற முத்திரை பழைய இந்திய பாஸ்போர்ட்டில் இருக்கிறது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கவில்லை. இப்போது வேலை மாறுகிறார். புது கம்பெனி அந்த முத்திரை செல்லாது என்கிறது. அப்படியென்றால் உரிமையே போய்விட்டதா?

போகவில்லை. பாஸ்போர்ட்டுக்குத்தான் காலாவதி, ஐ.எல்.ஆருக்குக் கிடையாது. ஆனால் கம்பெனி சொல்வதும் தப்பில்லை. வேலை கொடுப்பவர் பார்க்கவேண்டிய ஆவணங்களின் பட்டியலில், முத்திரை இருக்கும் பாஸ்போர்ட் இன்றைக்குச் செல்லுபடியாக வேண்டும் என்றே இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து, உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் முதல் முறை 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி மாட்டினால் 60,000 வரை. எந்த ஹெச்.ஆர். துணிந்து கையெழுத்துப் போடுவார்?

முதலில் அவசர வேலை. பிரிட்டன் உள்துறையான ஹோம் ஆபீஸ், வேலை கொடுப்பவர்களுக்காகவே ஒரு சரிபார்ப்புச் சேவை நடத்துகிறது. 1988-க்கு முன் வந்து நீண்டகாலமாக இங்கேயே வாழ்பவர்களை அதன் வழியாக விசாரிக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அங்கிருந்து உறுதிக் கடிதம் வந்தால் கம்பெனிக்கு ஆறு மாதம் பாதுகாப்பு. இதை விண்ணப்பிக்க வேண்டியது அப்பா இல்லை, கம்பெனி. பல ஹெச்.ஆர். ஆட்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், கொஞ்சம் பொறுமையாக.

அப்புறம் நிரந்தரத் தீர்வு. இரண்டு வழி உண்டு. ஒன்று, முத்திரை இருப்பவர்கள் அந்த அனுமதியை இன்றைய பதிவாக மாற்றிக்கொள்ளும் 'நோ டைம் லிமிட்' விண்ணப்பம். இன்னொன்று விண்ட்ரஷ் திட்டம். விண்ட்ரஷ் என்பது கரீபியன் மக்களை ஏற்றி வந்த கப்பலின் பேர். அதைக் கேட்டதும் கரீபியன்காரர்களுக்கானது என்று நம் ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். 1988 டிசம்பர் 31-க்குள் வந்து நிலையாகக் குடியேறிய எந்த நாட்டுக்காரரும் அதில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. உங்கள் அப்பாவுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மற்ற அரசுத் துறைகளில் இருக்கும் பதிவுகளைத் தேடி எடுக்க அந்தத் திட்டத்தின் அதிகாரிகளே உதவுகிறார்கள்.

அந்தத் திட்டம் வந்த கதையைத் தெரிந்துகொண்டால் எதற்கு இவ்வளவு காகிதம் கேட்கிறார்கள் என்பதும் புரியும். 1971-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் 1973 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஏற்கெனவே இங்கே குடியேறியிருந்த காமன்வெல்த் மக்களுக்குக் காலவரையற்ற அனுமதி தானாகவே கிடைத்தது. ஆனால் யார் கையிலும் அதற்கான காகிதம் கொடுக்கவில்லை. 2010-ல் அவர்களின் பழைய வருகை அட்டைகளை ஹோம் ஆபீஸே அழித்தது. பிறகு 2014, 2016 சட்டங்கள் வந்து, வேலைக்கும் வீட்டுக்கும் வங்கிக்கும் ஆதாரம் காட்டு என்றன. வாழ்நாள் முழுக்க இங்கே உழைத்தவர்கள் வேலையை இழந்தார்கள், சிலர் நாடுகடத்தவும்பட்டார்கள். 2018-ல் விஷயம் வெடித்து உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். அதற்குப் பிறகும் நிரூபிக்கவேண்டிய சுமை நம் தலையில்தான் இருக்கிறது.

என் மாமாவும் எழுபதுகளில் வந்தவர். பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்து வைத்திருந்தார். பழையதில் மூலை வெட்டி 'ரத்து' முத்திரை குத்தியிருக்கும், ஐ.எல்.ஆர். முத்திரையின் மை வெளிறி, தேதியைப் படிக்க செல்போன் டார்ச் அடிக்கவேண்டும். "அம்பது வருஷமா வரி கட்டுறேன், இப்ப வந்து நீ யாருன்னு கேக்குறான்" என்று மாமாவுக்கு ஒரே கோபம். கோபம் நியாயம்தான், ஆனால் விண்ணப்பத்தில் அதற்குப் பெட்டி இல்லை.

அவருக்கு ஆதாரம் சேர்த்தபோது நிரூபிக்கவேண்டியது மூன்று என்று தெரிந்தது. அனுமதி கொடுத்தார்கள் என்பது ஒன்று. அதற்கு முத்திரை போதும். முத்திரையும் தொலைந்திருந்தால், ஹோம் ஆபீஸ் அவரைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளின் நகலைக் கேட்கலாம், அது இலவசம்.

அந்த ஆள் இவர்தான் என்பது இரண்டாவது. நம்மவர்களுக்குத் தலைவலி இங்கேதான். இனிஷியல்! பழைய பாஸ்போர்ட்டில் எஸ். முருகேசன், புதியதில் முருகேசன் சுப்பையா, மருத்துவர் பதிவில் சுப்பையா முருகேசன். கணினிக்கு மூன்றும் மூன்று ஆட்கள். மாமாவுக்குக் கைகொடுத்தது நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், அதாவது வேலை செய்பவர்களின் சமூகப் பாதுகாப்புச் சந்தாவுக்கான எண். பெயர் எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது. பெயர் வேறுபாட்டை விளக்கி ஒரு கடிதமும் சேர்த்துவிடுங்கள், அதிகாரியே யூகித்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

மூன்றாவதுதான் கஷ்டம்: கிடைத்த உரிமையை இழக்கவில்லை என்று காட்டுவது. தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் ஐ.எல்.ஆர். போய்விடும். அப்பா ஊருக்குப் போய்விட்டு நாலு வாரத்தில் திரும்பியவராகவே இருக்கட்டும், அதை ஒரு முத்திரையால் காட்ட முடியாது. ஆண்டுதோறும் ஏதாவது ஒரு தடயம் வேண்டும். வருமான வரித்துறையின் நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவை இணையத்திலேயே எடுக்கலாம், எந்தெந்த ஆண்டு சந்தா கட்டினார் என்று வரிசையாக இருக்கும். வேலை இல்லாத இடைவெளிகளை மருத்துவர் பதிவு, கவுன்சில் வரி ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட் என்று நிரப்புங்கள். வீட்டில் இருந்த அம்மாக்களுக்கு மருத்துவர் பதிவுதான் பெரிய துணை. வேலைக்குப் போகாதவர் பெயரில் எந்த பில்லும் வராது, எல்லாம் கணவர் பெயரிலேயே இருக்கும்.

எல்லாம் முடிந்தால் கையில் அட்டை எதுவும் வராது, ஈ-விசாதான். இணையத்தில் ஒரு கணக்கு இருக்கும். ஆதாரம் கேட்பவருக்கு அதிலிருந்து ஒன்பது எழுத்து ஷேர் கோட் எடுத்துக் கொடுக்கவேண்டும். 90 நாள் செல்லும். வேலைக்கானது டபிள்யூவில் தொடங்கும், வாடகை வீட்டுக்கானது ஆரில்; மாற்றிக் கொடுத்தால் எடுக்காது. அந்தக் கணக்கில் உங்கள் போன் எண்ணை மட்டும் போட்டு வைக்காதீர்கள். அப்பாவே உள்ளே போய்ப் பழகட்டும். இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் புது எண்ணை அதில் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் விமான நிலைய கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் கேட்கலாம்.