கிளட்ச் மாற்றியாச்சு, கியர் விழமாட்டேங்குது!

கேள்வி: என் ஆல்டோ 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கிளட்ச் வழுக்கியதால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டேன். வண்டியை எடுத்துவந்த நாளிலிருந்து முதல் கியர் முரண்டு பிடிக்கிறது. ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று அரைக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டால் எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுகிறது. ‘புது பிளேட்தானே, ஓட ஓட செட் ஆகிவிடும்’ என்கிறார் மெக்கானிக். பொறுத்துப் பார்க்கலாமா?
– மதுரை வாசகர்

பதில்: வேண்டாம். இது ஓட ஓடச் சரியாகிற விஷயம் இல்லை. இன்ஜின் நின்றிருக்கும்போது கியர் விழுந்து, ஓடும்போது விழவில்லை என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். பெடலை மிதித்த பிறகும் பிளேட், இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு உரசிக்கொண்டு கூடவே சுற்றுகிறது. அந்தச் சுற்றலை முன் கியர்களில், கியர் விழுமுன் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ வளையங்கள் முட்டி நிறுத்தப் பார்க்கின்றன. அதனால்தான் முரண்டு. பல சிறிய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, ஆகவே அங்கே நேராகப் பல்லோடு பல் அரைக்கிறது. இப்படியே ஓட்டினால் அடுத்து கியர் பாக்ஸையே பிரிக்க வேண்டிவரும்.

ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். சமதரையில், வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, பெடலை அடிவரை மிதித்து, பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் நன்றாக விட்டிருந்தால் அதற்குள் உள்ளே சுற்றுவது நின்றிருக்கும், கியர் சத்தமில்லாமல் விழும். பத்து எண்ணிய பிறகும் அரைத்தால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் வண்டி கேபிள் கிளட்ச். அதில் முதலில் பார்க்க வேண்டியது கேபிளின் அட்ஜஸ்ட்மென்ட். காரணம் இதுதான்: பழைய பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் விரல்கள் கியர் பாக்ஸ் பக்கமாக நகர்ந்து வரும். பெடலை மிதித்தால் அந்த விரல்களைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங்குக்கும் அவற்றுக்கும் இடையிலான ஃப்ரீ பிளே, அதாவது வெற்றாட்டம், குறையும். அதைச் சரிக்கட்ட அவ்வப்போது கேபிள் நட்டைத் தளர்த்தியிருப்பார்கள். புது பிளேட் தடிமனானது. அதைப் போட்டதும் விரல்கள் மறுபடி இன்ஜின் பக்கம் போய்விடும். நட் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தால், மிதிக்கிற மிதியில் பாதி அந்த இடைவெளியைக் கடப்பதற்கே செலவாகிவிடும்; மீதி பிளேட்டை விடுவிக்கப் போதாது.

பானெட்டைத் திறந்து, கியர் பாக்ஸ் மேல் கேபிள் வந்து முடிகிற லீவரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். முனையில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வெற்றாட்டம் போதும். பெடலில் அது ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டராகத் தெரியும். அதற்கு மேல் இருந்தால் நட்டை இரண்டு இரண்டு சுற்றாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் பெடலை நாலைந்து தரம் மிதித்துவிட்டு அளந்து பாருங்கள். ஆட்டமே இல்லாமல் இழுத்துவிடாதீர்கள். பேரிங் எந்நேரமும் சுற்றிக் கருகும், புது பிளேட்டும் வழுக்கும். பெடலுக்கு அடியில் தடித்த மேட் மடங்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். மிதி முழுதாகப் போகாமல் தடுப்பது சில வண்டிகளில் அதுவேதான்.

அளவு சரியாக இருந்தும் அரைத்தால் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கலாம். பெரும்பாலான பிளேட்டுகளில் ஸ்பிரிங் புடைத்த பக்கம் பிரஷர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். மாறிப்போயிருந்தால் பிளேட்டின் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டில் உரசியிருக்கும், பளபளவென்று வட்டமாகத் தேய்ந்த தடம் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது, பிளேட் கோணியிருப்பது. கியர் பாக்ஸை ஏற்றும்போது ஜாக்கில் தாங்காமல், அதன் முழு எடையும் பிளேட்டில் நுழைந்த ஷாஃப்டில் தொங்கினால் நிமிடத்தில் கோணிவிடும். விளிம்பில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் அந்த பிளேட்டை நம்பாதீர்கள். ஷாஃப்டின் ஸ்ப்லைனில் (நீளவாட்டில் வெட்டிய பல் வரிசையில்) பிளேட் கையால் தள்ளினாலே முன்னும் பின்னும் நகர வேண்டும். துருவைத் துடைத்து, கிரீஸை விரல் நுனியில் தொட்டு மெல்லப் பூசினால் போதும். அள்ளிப் பூசினால் அது தெறித்து, பிளேட்டின் உராயும் பரப்பான லைனிங்கில் ஏறும். அப்புறம் கிளட்ச் அதிரும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்களா என்றும் கேளுங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் கவர் வளைந்து, ஒரு ஓரம் மட்டும் விடாமல் நிற்கும்.

கேள்வி: என் காரில் ஹைட்ராலிக் கிளட்ச். புது செட் போட்ட பிறகு பெடலை நாலு தரம் அடித்து மிதித்தால்தான் கியர் விழுகிறது. ஏன்?
– கோவை வாசகர்

பதில்: ஹைட்ராலிக்கில் கேபிளுக்குப் பதில் ஆயிலின் அழுத்தம்தான் கிளட்சைத் தள்ளுகிறது. அந்த ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது கிளட்ச் பக்கம் லீவரைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் வாஷர் கசிகிறது. முதலில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் காற்று எடுத்துப் பயனில்லை, சிலிண்டரை மாற்றுங்கள். உலர்ந்திருந்தால் ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளில் குழாய் மாட்டித் திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். குழாய் முனை ஆயிலில் மூழ்கியே இருக்கட்டும், குமிழி வருவது நிற்கும்வரை செய்யுங்கள். மேலே டப்பாவில் ஆயில் வற்றினால் எல்லாம் முதலிலிருந்து. மூடியில் எழுதியிருக்கும் பிரேக் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: இன்ஜினை அணைத்தாலும் இரண்டாவது, நான்காவது கியர் இறுக்கமாக இருக்கிறது. கிளட்ச் மாற்றுவதற்கு முன் இப்படி இல்லை.
– திருச்சி வாசகர்

பதில்: கிளட்சைத் தொடாதீர்கள். கியர் பாக்ஸை இறக்கியபோது கழற்றிய கியர் கேபிளோ ராடோ பழைய இடத்தில் மாட்டப்படவில்லை. அதோடு, ஆக்ஸில் ஷாஃப்டை உருவும்போது கியர் ஆயில் கொட்டியிருக்கும். திரும்ப ஊற்றினார்களா, கையேட்டில் சொன்ன கிரேடுதானா என்று பாருங்கள். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கேள்வி: கிளட்ச் மாற்றிய ஒரே மாதத்தில் இரண்டு கிளட்ச் கேபிள் போய்விட்டது. உறை உருகியிருக்கிறது.
– சேலம் வாசகர்

பதில்: கேபிள் கம்பெனியைக் குறை சொல்ல வேண்டாம். கியர் பாக்ஸிலிருந்து பாடிக்கோ பேட்டரிக்கோ போகும் தடித்த எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் கிளட்ச் கேபிளின் கம்பி வழியாகவே ஓடுகிறது, அதுதான் உருகுகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றைக் கியர் பாக்ஸ் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பட்டையின் இரு முனைகளையும் துரு போகத் தேய்த்து, மாட்டி இறுக்கிய பிறகே மூன்றாவது கேபிளை வாங்குங்கள்.