இரண்டு மணி நேர வகுப்பைத் திரைக்குள் அடைக்க வேண்டாம்

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த்தில் படிவம் 4, 5 மாணவர்கள் 22 பேருக்கு எஸ்பிஎம் (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) தமிழ்மொழி டியூஷன் நடத்துகிறேன். நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துப் பிள்ளைகளும் கேட்டதால் சனிக்கிழமை வகுப்பை இயங்கலைக்கு (ஆன்லைன்) மாற்றினேன். இரண்டு மணி நேரமும் நானே பேசுகிறேன். இலவச ஸூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடுகிறது; மறுபடி இணைந்தால் பாதிப் பேரைக் காணோம். கேமராவை யாரும் திறப்பதில்லை. கட்டுரைகள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படம்படமாக வந்து குழம்புகின்றன. பழையபடி நேரடி வகுப்புக்கே திரும்பிவிடலாமா?

ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்

அன்புள்ள ஆசிரியைக்கு,

திரும்ப வேண்டாம். தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பு அமையும். அந்த எண்ணிக்கை சேராத பள்ளிகளில் தனித்தனியாகச் சிதறியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு உங்கள் இயங்கலை வகுப்பு பெரிய துணை.

வகுப்பறையில் இரண்டு மணி நேரம் பேச முடிவது எதிரில் முகங்கள் இருப்பதால். ஒரு பிள்ளை விழித்தால் உடனே எடுத்துக்காட்டை மாற்றுகிறீர்கள். கறுப்புக் கட்டங்களைப் பார்த்து அதைச் செய்ய இயலாது. ஆகவே விளக்கங்களைப் பதிவு செய்து முன்கூட்டியே அனுப்பிவிட்டு, நேரலையைப் பிள்ளைகளின் பிழைகளுக்கென்றே ஒதுக்குங்கள்.

வலிமிகும் இடங்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு பதிவுக்கு ஒரே விதி. 'பாடத்தைப் படித்தான்' ஒன்று. 'பள்ளிக்குச் சென்றான்' இன்னொன்று. மிகாத இடமான 'படித்த பையன்' தனியே. ஆறு நிமிடத்தைத் தாண்டாதீர்கள். எடெக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் காணொலிப் பாடங்களை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்விலும் ஆறு நிமிடத்துக்குட்பட்டவற்றையே மாணவர்கள் அதிக ஈடுபாட்டோடு பார்த்திருந்தார்கள். திறன்பேசியைப் புத்தக அடுக்கின் விளிம்பில், கேமரா கீழே பார்க்கும்படி நீட்டி வைத்து, மேலே கனமான புத்தகமொன்றை ஏற்றி, தாளில் எழுதிக்கொண்டே பேசுங்கள். திரையில் வாக்கியத்தைக் காட்டி அதையே வாசிப்பதில் பயனில்லை. கண்ணும் காதும் ஒன்றோடொன்று மோதும். காற்றாடியை நிறுத்திவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் சிரமம்தான், ஆனால் அந்த இரைச்சல் ல, ள, ழ வேறுபாட்டை விழுங்கிவிடும். டேட்டா குறைவான பிள்ளைகளுக்குத் தாளின் படமும் ஒலிப்பதிவும் போதும். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஆறு நிமிட ஒலி 3 எம்பிக்குள் அடங்கும்.

பதிவைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள். எல்லாரும் 'ஆம்' என்பார்கள். கூகுள் ஃபார்மில் ஐந்து கேள்விகள் வையுங்கள். விடையைத் தட்டச்சு செய்யச் சொன்னால், பின்னால் ஒரு முற்றுப்புள்ளி விழுந்தாலே தானியங்கித் திருத்தம் தவறு என்றுவிடும். எனவே தெரிவு விடைகளாக வைத்து, தவறான தெரிவுகளை அவர்களுடைய பழைய கட்டுரைகளிலிருந்தே எடுங்கள்.

கட்டுரையைத் தட்டச்சு செய்யவிட வேண்டாம். தேர்வில் எழுதப்போவது கையால். பகல் வெளிச்சத்தில், சன்னலோரம், கையின் நிழல் விழாமல், கூகுள் டிரைவின் ஸ்கேன் வசதியால் எல்லாப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, கூகுள் கிளாஸ்ரூமில் ஒப்படைக்கட்டும். புலனத்தில் படம் சுருங்கி மங்குகிறது, பக்க வரிசை கலைகிறது, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தும் எழுதலாம். பள்ளி தந்த டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கால் வெளியார் வகுப்பில் சேர முடியாமல் போகலாம். முதல் வாரத்திலேயே இரண்டு பேரை வைத்துச் சோதித்துவிடுங்கள். கெடு ஞாயிறு இரவு 10 மணி என்றிருக்கட்டும். பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து அம்மாவோ அப்பாவோ வந்த பிறகுதான் சில வீடுகளில் திறன்பேசி பிள்ளையின் கைக்கு வரும்.

நேரலைக்கு 11 பேர் வீதம் இரண்டு குழுக்கள், குழுவுக்கு 40 நிமிடம். ஸூமின் வரம்புக்குள் முடியும். உங்களுக்கும் 120 நிமிடம் 80 ஆகக் குறையும். முதல் ஐந்து நிமிடம் பதிவிலிருந்து ஒரு கேள்வி, எல்லாரும் சாட்டில் எழுத வேண்டும். பிறகு பெயர் நீக்கிய மூன்று பத்திகளைத் திரையில் வைத்து அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். மூன்று நான்கு பேராக எட்டு நிமிடம் ஸூமின் தனி அறைகளுக்கு அனுப்பும்போது, எழுதுபவர் யார், வந்து சொல்பவர் யார் என்று முன்பே பெயர் குறித்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் அந்த எட்டு நிமிடமும் மௌனத்தில் கழியும். கேமராவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வீட்டைக் காட்டக் கூச்சப்படும் பிள்ளைகள் உண்டு.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை நேரில் கூடுங்கள். அன்று விளக்கமே வேண்டாம். கடிகாரம் வைத்துக் கட்டுரை எழுதட்டும், கையெழுத்தையும் எழுதும் வேகத்தையும் பக்கத்தில் நின்று பாருங்கள். நிபோங் திபாலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு கொமுட்டர் ரயில் இருப்பதால் அதன் நேரத்தை ஒட்டி வகுப்பை வைக்கலாம்.

திருத்தத்துக்குக் கட்டுரை ஒன்றுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு, மூன்று பிழைகள் மட்டும். சிவப்பு மையில் முப்பது பிழை காட்டினால் எதையும் திருத்தமாட்டார்கள். தொடர்ந்து இரண்டு ஒப்படைப்பு வராவிட்டால் குழுவில் பெயர் சொல்லாமல், வீட்டுக்கு நீங்களே அழையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயலாதீர்கள். கையிலுள்ள 22 கட்டுரைகளில் அதிகம் வந்த ஒற்றுப்பிழை எது என்று எண்ணிப் பாருங்கள். முதல் பதிவு அதைப் பற்றியதாக இருக்கட்டும்.