கிராம்புக்காகத் தென்னந்தோப்பை அழிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 60. பென்ஷன் கிடையாது. ஓய்வின்போது கிடைத்ததில் 12 லட்சம் ரூபாய் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறை அருகே ஒன்றரை ஏக்கர் பழைய தென்னந்தோப்பு உண்டு. அதை வெட்டிவிட்டு 100 கிராம்பு மரம் வைத்தால் மரத்துக்கு 5 கிலோ, கிலோ 1,000 ரூபாய், ஆண்டுக்கு 5 லட்சம் உறுதி என்கிறார் ஒரு நாற்றுப்பண்ணைக்காரர். முழுத்தொகையையும் போடலாமா?

பதில்: கூடாது. கிராம்பு வையுங்கள்; ஆனால் இந்தக் கணக்கை நம்பி வைக்காதீர்கள்.

கிராம்பு பூக்கத் தொடங்கவே 7, 8 ஆண்டுகள் ஆகும். முழு விளைச்சலுக்கு வரும்போது உங்களுக்கு 75 வயது தாண்டியிருக்கும். அதுவரை குடும்பம் எதை வைத்து நடக்கும்? அவர் சொல்லும் 5 கிலோ, முதிர்ந்த மரம் நல்ல ஆண்டில் தருவது. ஓர் ஆண்டு அள்ளிக் கொடுத்தால் மறு ஆண்டு கையை விரித்துவிடும் மரம் இது. சராசரி 2 கிலோ என்றே போடுங்கள். மடகாஸ்கர், தான்சானியா, இலங்கைச் சரக்குதான் நம் சந்தையில் பெரும்பங்கு. அங்கே விளைச்சல் பெருகினால் இங்கே விலை சரியும். எனவே கிலோவுக்கு 700 ரூபாய்க்கு மேல் கணக்கிடாதீர்கள். 100 மரத்துக்கு 1,40,000 ரூபாய். பறிகூலி இதிலிருந்துதான் போக வேண்டும். காய்ந்த பூமொட்டுதான் கிராம்பு. மொட்டில் இளஞ்சிவப்பு ஏறும் பருவம் பார்த்து, ஏணி வைத்துக் கொத்துக் கொத்தாகக் கையால் பறிக்க வேண்டும். எல்லா மொட்டும் ஒன்றாகப் பருவத்துக்கு வராது. ஆள் தாமதித்து, பூ விரிந்துவிட்டால் மதிப்பு போய்விடும். பறித்த மொட்டு காய்ந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் நிற்கும்.

11 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 22,550 ரூபாய் வரும், முதல் காலாண்டிலிருந்தே.

மீதி ஒரு லட்சம் கிராம்புக்கு. தென்னையை வெட்ட வேண்டிய தேவையே இல்லை. இளங்கன்றுக்கு நிழல் அவசியம், பழைய தென்னந்தோப்பு அதற்கு மிகப் பொருத்தமான இடம். நீர் தேங்காத பகுதியாகப் பார்த்து, பருவமழை தொடங்கும்போது 40 கன்றுகள் நடுங்கள். முதல் சில கோடைகளில் தண்ணீர் தவறக்கூடாது. செலவின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குங்கள். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணின் விளைபொருள் என்ற சட்ட அங்கீகாரம், கிடைத்திருக்கிறது. அந்தப் பெயருக்குக் கூடுதல் விலை தருகிறார்களா என்று மாறாமலைப் பக்கத்து விவசாயிகளிடம் நேரில் கேட்டறியுங்கள்.

நடுவதற்கு முன் உங்கள் பிள்ளைகளிடமும் பேசுங்கள். இதன் முழுப்பலனை எடுக்கப்போவது அவர்கள்தான். தோப்பைப் பார்க்க ஊருக்கு வர அவர்களுக்கு விருப்பம் இல்லையென்றால், 40 கன்றுகூட வேண்டாம்.