எந்த மனையில் பசுமை வீடு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: ஒரு கிரவுண்ட் மனை பார்த்திருக்கிறேன். சூழலுக்கு உகந்த வீடு கட்டலாமா? (ஊர் எழுதாத வாசகர்)

ப: எந்த ஊர், என்ன மண், சர்வே எண் என்ன? மூன்றும் இல்லாமல் என்ன பதில் சொல்வது? எழுதி அனுப்புங்கள்.

கே: கிழக்கு மேற்காக நீண்ட மனையா, வடக்கு தெற்காக நீண்டதா? (மதுரை)

ப: முதலாவது. மேற்கு வெயில் வாங்கும் சுவர் சின்னதாகிவிடும்.

கே: மனை பள்ளம். ஐந்தடி மண் அடித்துத் தருவதாக புரோக்கர் சொல்கிறார். அப்ரூவல் உண்டு. சோலார், மழைநீர்த் தொட்டி எல்லாம் வைப்பேன். வாங்கலாமா? (தாம்பரம்)

ப: வேண்டாம். உங்கள் பக்கத்து முடிச்சூரில் 2015 டிசம்பரில் படகு விட்டு ஆட்களை மீட்டதை அதற்குள் மறந்துவிட்டீர்களா? மண் அடித்தால் தண்ணீர் மறையாது, பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த மண்ணும் ஏதோ ஓர் ஏரியையோ குன்றையோ வெட்டித்தான் லாரியில் வருகிறது. அடித்த மண் அமுங்கும். அஸ்திவாரத்தை ஆழமாக்க சிமெண்டும் கம்பியும் கூடும். இதற்கு மேல் சோலார் வைத்து என்ன பயன்? அப்ரூவல் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியது. அதற்குள் சதுப்பின் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டது. அதில் அப்ரூவல் வாங்கியவையும் உண்டு!

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எஃப்.எம்.பி.யும் (சர்வே எண்ணின் நில அளவை வரைபடம்) 'அ' பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) எடுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் யாரும் செய்வதில்லை. உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. சுற்றியுள்ள எண்களில் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருக்கிறதா பாருங்கள். பக்கத்து ஏரியின் கலங்கலில் இருந்து உபரிநீர் போகும் வழியே நடந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். சித்திரையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். பழைய காம்பவுண்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள்.

கே: வேலை சென்னையில். 40 கி.மீ. தள்ளி தோப்புக்குள் மண்வீடு கட்ட ஆசை. (செங்கல்பட்டு)

ப: தினமும் 80 கி.மீ. கார் ஓட்டினால், மண்சுவரில் மிச்சம் பிடித்தது பெட்ரோலில் போய்விடும். ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில், ஏற்கெனவே வீடு இருந்த பழைய மனை கிடைக்கிறதா பாருங்கள். தோப்பு தோப்பாகவே இருக்கட்டும்.

கே: கரிசல் மண்ணில் கட்டலாமா? (கோவில்பட்டி)

ப: கட்டலாம். ஈரத்தில் உப்பும், கோடையில் வெடிக்கும். மண் பரிசோதனை செய்து அதற்கேற்ற அஸ்திவாரம் போடுங்கள். மழைநீர்க் குழியைச் சுவரை ஒட்டித் தோண்டாமல் நன்றாகத் தள்ளி வையுங்கள். அப்புறம், அங்கேயும் எஃப்.எம்.பி. பார்த்த பிறகே அட்வான்ஸ்.